நீலம் போகும்வரை

ராத்திரி இரண்டே முக்கால்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது.
நெப்ராஸ்கா முழுக்க வெள்ளை.
எங்கள் ஆலையிலிருந்து மட்டும்
ரொட்டி வேகும் வாசனை.

பீங்கான் வில்லையில்
கூழ் ஒரு சொட்டு, அயோடின் ஒரு சொட்டு.
நீலம்.
துடைத்தேன். மறுபடி சொட்டினேன்.
நீலம். மசி கொட்டிய மாதிரி.
இந்நேரம் வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்க வேண்டும்.

"வெண்டெல், மூன்றாம் தொட்டியில்
மாவு இன்னும் மாவாகவே இருக்கிறது."
பச்சை விளக்கு எரிகிறதே என்றான்.
ஏறிப் போய்ப் பார்த்தான்.
விளக்கு எரிந்தது, பம்பு ஓடியது,
குளிரில் வெடித்த குழாய்க்குள்
வெறும் காற்றைத் தள்ளிக்கொண்டு.

நான்கு மணி நேரமாக நொதி இல்லை.
இரண்டு லட்சம் லிட்டர் மக்காச்சோளக் கஞ்சியை வைத்துக்கொண்டு
பொக்கை வாயாய்த் தொட்டி.
துழாவியின் மோட்டார் முனகுகிறது.

மாவுச்சத்து வேறொன்றுமில்லை,
கைகோத்து நிற்கும் சர்க்கரை வரிசை.
ஈஸ்ட்டுக்கு வரிசையைத் தின்னத் தெரியாது.
செல்லப் பிள்ளைக்கு மீன்முள் எடுத்துக் கொடுப்பதுபோல்
ஒவ்வொன்றாய்ப் பிரித்துத் தர வேண்டும்.

வாளியில் நொதியைச் சுமந்து ஏணியில் ஏறினோம்.
எத்தனை தடவை என்று முழங்காலுக்குத் தெரியும்.

பிறகு காத்திருப்பு.
டப்பாவில் ரொட்டி. கவலையில்
விழுங்க மறந்து மென்றுகொண்டே இருந்தேன்.
நாக்கில் மெல்ல ஒரு தித்திப்பு.
ஜாம் தடவவில்லை. வெறும் ரொட்டி.

யாரும் பார்க்கவில்லை.
ஆறிய கூழ் இருந்த சோதனைக் குழாயில்
துப்பினேன்.

பத்து நிமிடம்: பழுப்பு.
இன்னும் பத்து: மஞ்சள்.
மூன்றாம் தொட்டி அப்போதும் நீலம்.

லொரெட்டா ஹ்ருஷ்கா, வயது ஐம்பத்தொன்று,
கடைவாய்ப் பல் மூன்று போனவள்,
ஆலையை முந்திவிட்டாள்!
நொறுங்கத் தின்றால் நூறாம்.
இரண்டு லட்சம் லிட்டருக்கு எத்தனை வாய் வேண்டும் என்று
பதிவேட்டு ஓரத்தில் கணக்குப் போட்டு
அடித்துவிட்டேன்.

ஐந்தரைக்குத்தான் நீலம் போனது.
ஆறவைத்து, ஈஸ்ட்டைத் திறந்துவிட்டான் வெண்டெல்.
வாசலில் சோள லாரிகள்
எஞ்சினை அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தன.

குழாய் வெடிப்பு. நொதி கையால் ஊற்றப்பட்டது. தாமதம் மூன்று மணி.
எச்சிலைப் பற்றி எழுதவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் பெட்ரோல் போட்டேன்.
பத்தில் ஒரு பங்கு எங்கள் சரக்கு.
கையுறையைக் கழற்றினால்
விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டின.