வின்ஸ்ஃபோர்டுக்கு அடியில் ஓர் ஏரி

கூண்டு இறங்க இறங்கக் காது அடைத்தது.
மேலே செஷயர் மழை, பால்மாடுகள், பூட்ஸை இழுக்கும் சகதி.
நூற்றைம்பது மீட்டர் கீழே
ஒரு சொட்டு ஈரமில்லை.

விளக்கை மேலே காட்டு என்றார் டெரிக் ஹாஸல்.
கூரை முழுக்க அறுகோணம், ஐங்கோணம்,
ஓர் அறை அகலத்துக்கு ஒவ்வொன்றும்.
காய்ந்த ஏரி பாளம் விட்ட கோடுகள்.
அந்த வெடிப்புகளில் காற்று கொண்டுவந்து கொட்டிய செம்புழுதி
எடுப்பாரின்றி அப்படியே.
தோசையை அடிப்பக்கமிருந்து பார்ப்பதுபோல்
ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இருபத்துமூன்று கோடி ஆண்டு இருக்கும்.
இந்த நிலம் அப்போது இங்கே இல்லை,
இன்றைய சஹாராவின் அட்சத்தில் கிடந்து வெந்தது.
கடல் எப்போதாவது எட்டிப் பார்க்கும்,
பள்ளத்தில் தேங்கும்,
திரும்பும் வழி மறந்து வெயிலில் நிற்கும்.
முதலில் ஜிப்சம் படியும். அப்புறம் உப்பு.
அப்புறம் புழுதி.
மறுபடி கடல்.
கொக்கு கிடையாது. பெயர் வைக்க ஆள் கிடையாது.

சர்வே உதவியாளர் நான், சேர்ந்து ஒன்பதாம் நாள்.
பள்ளியில் பாலைக்கு மணல், நெய்தலுக்கு உப்பு என்று
கட்டம் கட்டி எழுதி
நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தவள்.
இங்கே அந்தக் கோடு கரைந்துபோயிருக்கிறது.
பாலைக்குள்ளேயே நெய்தல்.
பிரிந்துபோகவும் ஒருவரில்லை,
இரங்கியிருக்கவும் ஒருவரில்லை.

சுவரில் விரலைத் தேய்த்து நக்கினேன்.
முதல் வாரம் எல்லோரும் செய்வதுதான் என்றார் ஹாஸல்.
பழுப்பு உப்பு. கொஞ்சம் மண்வாடை.
ரசத்துக்கு ஆகுமா என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.

ஊருக்குள் இன்னொரு ஏரி உண்டு,
ஞாயிறுகளில் பாய்மரப் படகு விடுவார்கள்.
உப்புநீரை உறிஞ்சி உறிஞ்சி
நிலம் உட்கார்ந்து பிறந்தது அது.
ஏரி உப்பாகி,
உப்பு போன இடம் ஏரியாகி.
ஹாஸலின் பாட்டனார் வீடு சாய்ந்ததும் அந்தக் காலத்தில்தானாம்;
சமையலறையில் உருளைக்கிழங்கு தானாக உருளுமாம்.

அன்றிரவு உறைபனி எச்சரிக்கை.
வீடு திரும்பும் சாலையில் எனக்கு முன்னால்
ஆரஞ்சு விளக்கு சுழல ஒரு லாரி
தூவிக்கொண்டே போனது.
சரசரவென என் கண்ணாடியிலும் விழுந்தது.
உப்பிட்டவர் யாரென்று எட்டிப் பார்த்தேன்,
தொப்பி மட்டும் தெரிந்தது.

வைப்பரைப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் அடித்தேன்.
அந்த ஏரிக்கு
நீர் வந்து வெகுகாலம்.