மூன்றாம் பிடி

முதல் பிடி முப்பத்தொன்று.
"மூச்சு வாங்கிக்கோங்க அண்ணா" என்று
தாளில் குறித்துக்கொண்டது ஹேமப்பிரபா.
இரண்டாவது இருபத்தாறு.
மூன்றாவதில் முள் எழுந்து
இருபதின் வாசல்வரை போய்
அழைக்காத வீடு என்பதுபோல்
திரும்பிவிட்டது.

பிசியோதெரபி கடைசி வருஷப் பிள்ளை.
ஐம்பது கடந்த ஊழியர் நூறு பேரின் பிடி
அதன் ஆய்வேட்டுக்கு வேண்டும்.
நான் எழுபத்துமூன்றாவது ஆள்.
கூலி ஒரு டீ, இரண்டு பிஸ்கட்.

"தசையில ரெண்டு வித நார் இருக்குண்ணா.
வெடுக்குன்னு இழுக்கறது ஒண்ணு,
வெச்சு இழுக்கறது ஒண்ணு.
வயசானா வெடுக்குதான் மொதல்ல போவும்."

வெடுக்கு போவும்.
லிஃப்டுக்குள் தனியாகச் சொல்லிப் பார்த்தேன்.
வீட்டில் சொன்னால் மார்த்தாள் சிரிப்பாள்:
வாயில் மிச்சம் இருக்கிறதே, அது போதாதா.

இருபத்தொன்பது வருஷமாக
இந்த ஆஸ்பத்திரியில் ஆள் தூக்குகிறேன்.
ஒன்று இரண்டு மூன்று என்று தொடங்கி,
சித்தூர்க்காரர்களுக்காக ஒகட்டி ரெண்டு மூடு,
காந்தி ரோட்டு லாட்ஜ் போர்டுகளில்
வங்காளம் ஏறிய பிறகு
ஏக் துய் தீன்.
எந்த மொழியானாலும்
மூன்றில்தான் தூக்க வேண்டும்.

போன மாதம் ஒரு வியாழன்.
மலைப்பாறை ராத்திரியிலும் அனல் விடுகிற மே.
நிமாய் பாபு, நாற்பத்தெட்டு கிலோ,
பாத்ரூம் கதவைப் பிடித்தவர்
கதவோடு வந்தார்.
இரண்டடி தள்ளி நின்றிருந்தேன்.
பார்த்தேன்.
கை கிளம்பியது. அது நன்றாகத் தெரியும் எனக்கு,
கிளம்பியது.
கிளம்பிய கை போய்ச் சேர்வதற்குள்
அவர் தரையில் இருந்தார்.

முட்டியில் ஒரு நீலம், அவ்வளவுதான்.
"கிச்சு ஹொய்னி" என்று
என் தோளைத் தட்டினார்,
ஒன்றும் ஆகவில்லையாம்.
சிஸ்டர் சுகந்தா ரிப்போர்ட்டில்
தரை ஈரம் என்று எழுதினார்.
தரை காய்ந்திருந்தது.

ஹேமப்பிரபாவிடம் இதைச் சொல்லவில்லை.
அதன் தாளில் இதற்குக் கட்டம் இல்லை.

கடைசிச் சோதனை வேறு மாதிரி.
பாதி பலத்தில் பிடித்து
விடாமல் வைத்திருக்க வேண்டும்.
ஒப்பிட்டுப் பார்க்க ஒரு செக்யூரிட்டி பையன்,
சத்துவாச்சாரி ஜிம்மில் எடை தூக்குகிறவன்,
கழுத்தும் தோளும் ஒன்றாகிப்போனவன்.
ஒரு நிமிஷம் தாண்டியதும் கையை உதறினான்.
நான் பிடித்தேன்.
முழங்கைவரை எரிந்தது, பிடித்தேன்.
கட்டைவிரல் தானாக ஆடத் தொடங்கியது,
அது ஆடட்டும் என்று பிடித்தேன்.
"போதும்ணா, விடுங்க, விடுங்க."
விரல்கள் விடவில்லை.
இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

ஒரு உடம்பை ஒருக்களித்துப் பிடித்து
நர்ஸ் விரிப்பு மாற்றி முடிக்கிறவரை
எத்தனை ராத்திரி நின்றிருப்பேன்.
அதற்கு வெடுக்கு தேவையில்லை.

சந்தோஷப்பட்டிருக்கலாம்.
பையன்கூடக் கைதட்டினான்.
பேப்பர் கப்பை இரண்டு கையாலும் தாங்கி
டீயைக் குடித்தேன்,
பிஸ்கட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இரண்டாம் நம்பர் பஸ். ஜன்னலோரம்.
பாலாற்று மணலைப் பார்த்து
எதையும் நினைத்துக்கொள்வதில்லை நான்.
அது லாரிகளின் கதை, என்னுடையது அல்ல.

விருதம்பட்டில் இறங்க வேண்டும்.
பாலத்தின் நடுவிலேயே எழுந்து
கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன்.
"இன்னா பெருசு, அதுக்குள்ள இன்னா அவசரம்,
ஒக்காரு" என்கிறார் கண்டக்டர்.

அவசரம் போய்விட்டது தம்பி.
அதனால்தான் இப்போதே எழுந்துவிட்டேன்.

பஸ் நிற்கிறது.
கீழே தெரு, கொஞ்சம் தாழ்வாக,
ஒரு பக்கம் சரிந்து.
உள்ளுக்குள் எண்ணுகிறேன்.
ஏக்.
துய்.