நாற்பது சென்ட்

தயாளன் படையாச்சிக்கு உம்லாங்காவில் ஒன்பதாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே இந்தியப் பெருங்கடல்
வட்டியில்லாமல் கிடக்கிறது.

நான் நான்காம் மாடி. நிலுவைப் பிரிவு.
காதில் கருவி, கண்ணெதிரே பட்டியல்:
க்வாமாஷுவில் திருமதி ம்வெலாசே, ஃப்ரிட்ஜ், மூன்று தவணை.
சாட்ஸ்வொர்த்தில் ஒரு கவுண்டர், சோபா, ஐந்து.
ஃபீனிக்ஸில் ஒருவர் டிவிக்குக் கட்டவில்லை.
கேட்டால், "அதில் உன் முதலாளியின் டென்னிஸ்தானே ஓடுகிறது,
அவரையே கட்டச் சொல்" என்கிறார்.

ஆமாம், போன வருஷத்திலிருந்து டென்னிஸ்.
ப்ளும்ஃபொன்டெயினிலிருந்து லெசெகோ, பதினேழு வயது, இடதுகைக்காரி.
பயிற்சி, விமானம், ஷூ எல்லாம் அவர் செலவு.
பதிலுக்கு, இருபத்தாறு வயதுவரை
ஜெயிக்கிற பணத்தில் ஐந்தில் ஒன்று.
ஒப்பந்தத்தை நகலெடுத்தவள் நான்.
ஃப்ரிட்ஜுக்கு உள்ள அதே தாள், அதே பொடி எழுத்து.
'பொருள்' என்று இருந்த இடத்திலெல்லாம்
'வீராங்கனை' என்று மாற்றியிருந்தார்கள்.
பதினான்காம் பத்தியில் மாற்ற மறந்திருந்தார்கள்.

அவர் மேசையில் ஒரு கண்ணாடிப் பெட்டி.
உள்ளே பந்து, ரோமம் உதிர்ந்து,
வெள்ளையாக இருந்திருக்க வேண்டும்.
வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார்:
"எழுபதாம் வருஷம். எனக்குப் பதினொன்று.
வெள்ளைக்காரர் க்ளப். வேலி தாண்டி விழுந்தது.
'ஏய், பந்து' என்றான் ஒருத்தன்.
ஓடினேன்."
சிரிப்பார். வந்தவர்களும் சிரிப்பார்கள்.
'அன்றைக்கு ஆரம்பித்த ஓட்டம்' என்று
யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும்.

ஒரு மதியம், இரண்டு அழைப்புகளுக்கு நடுவே
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
பந்தின் விலை நாற்பது சென்ட் என்று வைத்தேன்.
எங்கள் கம்பெனி விகிதம், நூற்றுக்கு இருபத்தேழு,
கூட்டுவட்டி, ஐம்பத்துநான்கு வருஷம்.
லட்சத்து அறுபத்தோராயிரம் ராண்ட்.
தாமதக் கட்டணம் சேர்க்கவில்லை.
தாளைக் கிழித்தேன். பிறகு துண்டுகளைப் பொறுக்கிக்
கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு அரைநாள், இலவசத் தொப்பி.
கேமராவுக்குக் காலி நாற்காலி ஆகாதாம்.
முதல் செட் போய்விட்டது. இரண்டாவதில் நாலுக்கு நாலு.
லெசெகோ சர்வீஸுக்குக் கையை உயர்த்திய நேரம்
பின்னாலிருந்த மரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கியது.
கோட்டோரம் கிடந்த பந்தை எடுத்து
மோந்து பார்த்தது.
பையன்கள் விரட்ட, வேலிமேல் ஏறி,
எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு
அந்தப் பக்கம் குதித்தது.

கூட்டம் சிரித்தது. நடுவரும் சிரித்தார்.
லெசெகோ மட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினாள்.
அவர் மட்டும் எழுந்து நின்றுவிட்டார்,
முன்வரிசையில், இஸ்திரி கலையாத சட்டையில்,
குதிகால் தரையில் படாமல்.

காவலாள் வேலியைத் தாண்டப் போனான்.
"விடு," என்றார்.
இன்னொரு தடவை, மெதுவாக, "விட்டுவிடு."
ஏழு வருஷமாக இங்கே வேலை.
அந்தச் சொல் அவர் வாயில் உண்டு என்பதே
எனக்குத் தெரியாது.

லெசெகோ தோற்றுப்போனாள்.

திங்கள்கிழமை புதுப் பட்டியல் வந்தது.
திருமதி ம்வெலாசேக்கு இப்போது நான்கு.
மேலிருந்து கீழாக, பொறுமையாகப் பார்த்தேன்.
குரங்கின் பெயர் அதில் இல்லை.