வெள்ளை உடுத்தி வரவும்

டிக்கெட்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது:
முடிந்தால் வெள்ளை உடுத்தி வரவும்.
எனக்கு அதில் சிரமமில்லை.
நைட் ட்யூட்டி முடித்து நேராக வந்திருந்தேன்,
பாக்கெட்டில் பாதி தீர்ந்த பிளாஸ்திரிச் சுருள்,
காலர் ஓரத்தில் கடுகளவு பெட்டாடின்.

டிக்கெட் பெனிட்டாவுடையது.
அம்பத்தூரில் அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.
எழுநூற்றைம்பது ரூபாய் வீணாகக் கூடாதென்று
என் போனுக்குத் தள்ளிவிட்டிருந்தாள்.
"ரூமுக்குப் போய் விட்டத்தைப் பார்க்கறதுக்கு
இதைப் பாருங்கக்கா."

வேளச்சேரி மாலில் மூன்றாவது மாடி.
கோயில் மாதிரி செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்.
சாக்ஸ் முப்பது ரூபாய், தனி.
கறுப்புத் திரையை விலக்கிய பையன்
"சுவரையெல்லாம் தொடலாம் மேடம்" என்றான்,
யாரும் எனக்குத் தராத ஒரு சலுகைபோல.

உள்ளே இருட்டு.
கண் பழகுவதற்குள்
நான்கு சுவரும் தரையும் கடலாகிவிட்டன.
பெசன்ட் நகர்க் கடல் இல்லை இது.
சுண்டல் காகிதம் மிதக்காத,
கணுக்காலில் மணல் ஒட்டாத,
யாரோ துவைத்துக் கஞ்சி போட்ட நீலம்.
எனக்கு ஐசியூதான் ஞாபகம் வந்தது.
அங்கேயும் இதே குளிர்,
பகலா இரவா சொல்லாத இதே வெளிச்சம்,
மூலையில் ஓயாமல் மூச்சுவிடும் ஒரு மெஷின்.
கண் தானாக மானிட்டரைத் தேடியது.

பக்கத்தில் ஒரு ஜோடி
பால்வீதிக்கு நடுவே நின்று
முகத்தில் வெளிச்சம் விழவில்லையென்று சண்டை போட்டது.

அடுத்த அறையில்
சுவரைத் தொட்டால் பூ மலரும்.
எல்லோரும் உள்ளங்கையால் அறைந்தார்கள்,
பூத்தது, பூத்தது, கூச்சலோடு பூத்தது.
நான் இரண்டு விரல் வைத்தேன்,
பதினோரு வருஷமாக
மணிக்கட்டுகளில் வைக்கிற அதே அழுத்தத்தில்.
ஒன்றும் வரவில்லை.
விரலை எடுக்கவில்லை.
முழு நிமிஷம் கொடுக்காமல்
யாரையும் இல்லையென்று சொல்லிவிடக் கூடாது.
நேற்று நாலாம் நம்பர் பெட்டுக்கு
மூன்று நிமிஷம் கொடுத்தேன்.

சுவர் லேசாகச் சுட்டது.
நாற்பதோ ஐம்பதோ எண்ணியிருப்பேன்,
என் விரலடியில் ஒரு தாமரை
தூக்கம் கலையாத முகத்தோடு விரிந்தது.

"ஆன்ட்டி, அசையாதீங்க!"
திரும்பப் பார்த்தேன்.
"அசையாதீங்கன்னா!"
முன்பல் விழுந்த ஒரு பொடியன்.
கூட்டமாக ஆரஞ்சு மீன்கள்
என் முதுகில் ஏறிக்கொண்டிருந்தனவாம்.
சின்னக் கை தோள்பட்டையில் பொத்தியது,
நழுவியது, இடுப்பருகே மறுபடி பொத்தியது.
"நிருபன், சும்மா இரு. ஸாரிங்க, ஸாரி."
"பரவாயில்லைங்க, பிடிக்கட்டும்" என்றேன்.
இரவு முழுக்க ஆறு உடம்புகளைப் புரட்டிப் போட்டவள்.
இந்த உடம்பை ஒருவர் தொட்டு
எவ்வளவு நாளாயிற்றென்று எண்ணத் தொடங்கி
மாசம் வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.
அவனுக்கு ஒரு மீனும் அகப்படவில்லை.
ஒவ்வொரு தடவையும் கையைத் திறந்து பார்த்து
என்மேல் சந்தேகப்பட்டான்.

கடைசி அறையில் மழை பெய்தது.
நனையாத மழை. மெத்தென்ற மூட்டைகள்மேல்
சாய்ந்து பார்க்கலாம் என்றார்கள்.
சாய்ந்தேன்.
பார்க்கவில்லை.
எத்தனை மழை வந்து போனதோ தெரியாது,
எழுப்பாமல் விட்ட பையன்
வெளியே வந்தபோது சாக்ஸைத் திரும்பக் கேட்கவில்லை.

பன்னிரண்டு மணி வெயில்
மாலின் வாசலில் காத்திருந்து அறைந்தது.
பெனிட்டா மெசேஜ்: "எப்டிக்கா?"
"உனக்கு?" என்று கேட்டேன். பதில் இல்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.
தூங்குமூஞ்சி மரங்கள், மேம்பாலக் கைப்பிடி,
ஒரு கட்சிக் கொடி, கம்பிகளில் தொங்கும் கேபிள்
எல்லாம் நிழலாக ஏறி
என் வெள்ளைச் சட்டைமேல் ஓடிக்கொண்டிருந்தன.
கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டார்.
கையை மட்டும் நீட்டினேன்,
அசையாமல்.