சந்து

சாட்ஸ்வர்த்தில் இன்றும் மின்வெட்டு.
மெழுகுவத்தி வெளிச்சத்தில்
கோகிலத்தின் இடது இமை
ஆறு மணிக்கே சரிகிறது.

இருபது வருஷம் ஒயர் இழுத்தவன் நான்.
இடைவெளி என்றால் பழுது.
அவ்வளவுதான் என் படிப்பு.

நரம்பும் தசையும்
தொட்டுக்கொள்வதே இல்லையாம்.
நடுவே மயிரிழையிலும் மெலிந்த சந்து;
சில துளி ரசாயனம்
நீந்திப் போய்க் கதவைத் தட்டுமாம்.
இவளுக்குச் சேதி சரியாகவே போகிறது.
சொந்த ரத்தமே
சாவித் துவாரங்களில் மெழுகை ஊற்றிவிட்டது.

மாத்திரை பூட்டைத் திறக்காது.
துளிகளைக் கூட்டித் தள்ளும் துடைப்பத்தைக்
கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும்.

முழுங்கினாள். காத்திருந்தோம்,
கை தொடாமல், ஒரே மேசையில்.

முக்கால் மணி கழித்து
இமை ஏறியது.
"அப்படி என்ன பார்க்கிற, மூட்லி?
கெட்டில் சுவிட்சை அணைச்சியா?
கரண்ட் வரப்போகுது."