மூன்றாவது கொடி

துரை செத்த சேதி மோல்மீனுக்கு
ஏழு வாரம் பழைய பத்திரிகையில் வந்தது.
கிடங்கு குமாஸ்தா வாசித்துச் சொன்னார்:
மேஜர் ஆம்ப்ரோஸ் டிராஃபோர்ட்,
படைவீரர், பூகோள அறிஞர்,
சால்வினுக்குக் கிழக்கே மலைகளை
முழுதாய் அளந்தவர்.
'முழுதாய்' என்ற இடத்தில்
சுண்ணாம்பைக் கொஞ்சம் அதிகமாகத் தடவிவிட்டேன்.
வாய் வெந்தது.

பத்தொன்பது வயதில் கப்பலேறியவர்.
ஏதோ ஒரு கணவாய்ச் சண்டையில்
பனிக்கு இரண்டு கால்விரல் கொடுத்தவர்.
யாரைச் சுட்டார் என்று ஒருநாளும் சொன்னதில்லை.
அந்தக் கணவாய் எத்தனை அடி உயரம் என்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

பதினோரு வருஷம் அவருக்குப் பின்னால் நடந்தேன்.
சங்கிலிக்கு நூறு கண்ணி.
வெயிலில் இரும்பு நீளும்.
நீண்டதை நோட்டில் கழிப்பார்.
என் பெயர் சின்னச்சவரி.
நோட்டில் கலாசி எண் ஒன்பது.
எட்டு வரை உள்ளவர்கள்
காய்ச்சலிலும் ஆற்றிலுமாகக் கழிந்தவர்கள்.

மாசிக் கடைசி. கரேன்காரர்கள் காடெரிக்கும் காலம்.
வழிகாட்டி சோ டே போ சொன்ன பெயர் தேன்கூட்டு மலை.
துரை அதற்குத் தன் தங்கை பெயரை வைத்திருந்தார்,
ஏறும் முன்பே.
ஏறவேயில்லை.
அடிவாரக் கூடாரத்தில் நூற்றி நாலு டிகிரி.
குயினைனில் காது இரைய,
'ஒன்பது, உனக்கு எண் வாசிக்கத் தெரியுமல்லவா?' என்றார்.
தெரியும்.
கருவிக்குக் குடை பிடிக்கிறவன் கண்ணுக்குப்
பதினோரு வருஷம் போதாதா?

தியோடலைட் பெட்டியைச்
சம்பந்தியைச் சுமப்பதுபோல் சுமந்து ஏறினோம்.
முதல் குறி மோல்மீன் பகோடாவின் பொன்முடி.
மினுங்கியது. எழுதினேன்.
இரண்டாவது, ஆற்றங்கரைப் பாறையில் வெள்ளைக் கொடி.
எழுதினேன்.
மூன்றாவது கொடி இருக்க வேண்டிய திசையில்
ஒரே புகை.
ஒரு நாள் இருந்தோம். இரண்டு நாள்.
தண்ணீர் தீர்ந்து, சோ டே போ
மூங்கில் கணுவை வெட்டி வாயில் ஊற்றினான்.
மூன்றாம் நாள் காலை
புகைக்குள் அது எங்கே இருந்தால் நன்றாயிருக்குமோ
அங்கே குழாயைத் திருப்பி,
நிமிடம் இருபத்தேழு என்று எழுதினேன்.

'மூன்றும் தெரிந்ததா?'
'தெரிந்தது துரை.'
கணக்குப் போட்டார். முக்கோணம் மூடவில்லை.
விளக்கைக் கிட்டே இழுத்து
இன்னொரு தரம் போட்டார்.
என்னைப் பார்த்தார்.
நான் என் காலில் ஏறிய அட்டையைப் பார்த்தேன்.
பிறகு மிச்சத் தவறை
மூன்று மூலைக்கும் சமமாய்ப் பிட்டு வைத்தார்,
பந்தியில் அப்பளம் பற்றாதபோது செய்வதுபோல்.
கீழே அவர் கையெழுத்து: 'நானே நோக்கியது.'

லண்டனில் பதக்கம் தந்த அன்று
படத்தைச் சுவரளவு மாட்டிக்
கோலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாராம்.
தங்கை பெயர் வந்த இடத்தில்
கோல் நின்றதா, நகர்ந்ததா,
பத்திரிகையில் போடவில்லை.

போன வருஷம் ரோடு போடப் படத்தோடு போனார் இன்ஜினியர்.
படத்தில் இருக்கிற உச்சி
தரையில் இருக்கிற உச்சிக்கு
நாற்பது கஜம் கிழக்கே,
பள்ளத்துக்கு மேலே, அந்தரத்தில்.
முளை அடிக்க மண்ணில்லை.
கிடங்கு வாசலில் பூட்சைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:
'டிராஃபோர்ட் பிசகமாட்டார். மலைதான் சரிந்திருக்கும்.
இந்த ஊர் மழை அப்படி.'
காவல்காரன் நான், கதவைப் பூட்டினேன்.
இந்த நாட்டில் எனக்கு ஒரு சாண் நிலம் கிடையாது.
நாற்பது கஜம் காற்று உண்டு.

கப்பலேறும் நாளில் துரை கொடுத்த காகிதம்
தகரப் பெட்டியில் கிடந்தது.
இன்றைக்குத்தான் எடுத்துக் குமாஸ்தாவிடம் நீட்டினேன்.
'கலாசி எண் ஒன்பது' என்பதை அடித்து
மேலே என் பெயர் எழுதியிருக்கிறதாம்,
எழுத்துப் பிழையோடு.
'நடத்தை நன்று. சங்கிலி சுத்தம்.
கண்பார்வை...'
நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.
'கண்பார்வை, புகையிலும் தெளிவு.'

'அதென்ன புகை?' என்றார்.
நான் சுண்ணாம்பு டப்பியைத் தேடினேன்.