முப்பத்தேழாவது

சனிக்கிழமை கோண்டாவிலில் சாமத்திய வீடு.
லான்ட்மாஸ்ரரின் மேல் ரெஜிபோம் ஹெலிகொப்டர்,
அதிலிருந்து பிள்ளையை இறக்கினார்கள்.
நிரோஷன் மேலே ட்ரோனை விட்டான்.
நான் கீழே நின்று அமத்தினேன், அமத்தினேன்,
நாலாயிரத்து இருநூறு.
இரவு கணினியில் அழிக்கத் தொடங்கினால்
ஒரே முகம் அறுபது தரம் வருகிறது.
அறுபதில் ஒன்றைக்கூட
நான் பார்த்து எடுக்கவில்லை.

கதிரை வைத்து ஏறி
அலுமாரியின் மேல்தட்டில் கைவிட்டேன்.
காஸ் பில்லுகள், கலியாணக் காட்டுகள்,
பிறகு அது, துவாயில் சுற்றினபடி,
தூக்கினால் ஒரு தேங்காய்ப் பாரம்.
பாதை திறந்த வருசம் கொழும்பில் வாங்கியது.
முகமாலையில் பையைக் கிளறிய ஆமிக்காரப் பெடியன்
அதைக் கண்ணில் வைத்து என்னைப் பார்த்துக்
கையால் காட்டினான், சிரி என்று.
உள்ளே பிலிம் இல்லை என்று
அவனுக்கு நான் சொல்லவில்லை.

பற்றறி கசிந்து பச்சை பூத்திருந்தது.
ஒளிமானி முள் அசையவில்லை.
பரவாயில்லை, வெளிச்சத்தை மட்டுக்கட்டலாம்.
பஸ் பார்சலில் ஒரு ரோல் வந்தது, கறுப்பு வெள்ளை;
விலையை வீட்டில் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு, பண்ணைப் பாலம்.
கடல் இன்னும் நிறம் எடுக்கவில்லை.
களங்கட்டித் தடிகளில் தடிக்கொரு நீர்க்காகம்.
அமத்தினேன்.
பெருவிரல் தன்பாட்டில் கமராவின் முதுகுக்குப் போனது.
அங்கே படம் இல்லை.
கறுத்தத் தோல், என் மூக்கு பட்ட எண்ணெய்.
பெருவிரலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை,
திரும்பிப் போய் நெம்பை இழுத்தது.
கர்ரக்.

முப்பத்தாறுதான் என்றதும்
கை கஞ்சத்தனமாகிவிட்டது.
மீன்பெட்டிச் சைக்கிள் ஒன்றைப் போகவிட்டேன்.
பூசைக்குப் போகிற வெள்ளைச் சட்டைகளைப் போகவிட்டேன்.
வெயில் ஒரு பக்கத்துத் தாடைக்கு வரும்வரை
எமிலியாம்பிள்ளை அண்ணைக்கு முன்னால்
அரை மணித்தியாலம் குந்தியிருந்தேன்.
வலையில் சிக்கிய நண்டைக் கழற்றிக்கொண்டே
"எடுத்துப்போட்டியே தங்கச்சி?"
"இன்னும் இல்லை அண்ணை."
"அப்ப என்னத்தைப் பாக்கிறாய்?"
நண்டின் கால் நூலை விடவில்லை.
அவர் குனிந்து நூலைப் பல்லில் வைத்துக் கடித்தார்,
மூச்சைப் பிடித்து,
ஒன்றே ஒன்று.

மதியத்துக்குள் முப்பத்தாறு முடிந்தது. நெம்பு இறுகவில்லை.
முப்பத்தேழு. இழுபட்டது.
முப்பத்தெட்டு.
அப்போதுதான் இடப்பக்கக் குமிழைப் பார்த்தேன்.
காலையிலிருந்து அது ஒருதரமும் சுற்றவில்லை.
சுற்றுகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை,
மறந்துபோனேன்.
வெயிலிலேயே மூடியைத் திறந்தேன்.
பல்சக்கரத்தில் கொளுவாமல்
பிலிம் நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தது.

அவரிடம் சொன்னேன்.
"ஒண்டும் விழேல்லையோ?"
"ஒண்டும் விழேல்லை அண்ணை."
நண்டுக் கூடையைச் சாக்கால் மூடிவிட்டு
"அப்ப நில், சேட்டு மாத்திக்கொண்டு வாறன்"
என்று போனார்.

கொளுவினேன். இழுத்தேன். குமிழ் சுற்றியது.
தலை இழுத்து, வெள்ளைச் சேட்டோடு வந்து
அடையாள அட்டைக்கு நிற்பதுபோல் நின்றார்.
அதுதான் அந்த ரோலின் முதலாவது படம்.
நூல் கடித்த முகம் எதிலும் இல்லை.
கேளுங்கள்,
எந்தப் பல்லால் கடித்தார் என்று சொல்வேன்.

திங்கள். "ஆல்பம் கேக்கினம்" என்றான் நிரோஷன்.
நாலாயிரத்து இருநூறுக்குள்ளும் திரும்ப இறங்கினேன்.
இரண்டாயிரத்துச் சொச்சத்தில் எங்கோ
ஹெலிகொப்டர் கதவுக்குள்
பிள்ளை கொலுசைத் தள்ளிக் கணுக்காலைச் சொறிகிறது,
ஒருத்தரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில்.
அதைத் திருத்தாமல் வைத்தேன்.
தகப்பன் கேட்டால்
ஹெலிகொப்டர் வடிவாய் விழுந்திருக்கு
என்று சொல்லலாம்.